அட்டையில் ஐந்து வயது

இதை எழுதுவதற்கென்று கொப்பி வாங்கி எத்தனையோ நோன்பு வந்து போய்விட்டது. ஒவ்வொரு நோன்புக்கும் இந்தத் தரம் எழுதிவிடுவேன் என்று நிய்யத்து வைப்பேன். நான்கு வரி எழுதுவேன். பிறகு கொப்பியை மூடி அலுமாரிக்கு மேலே போட்டுவிடுவேன். என் பிழை வெளியே வரும் என்ற வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்கு என் எழுத்தால் கெடுதி வந்துவிடுமோ என்பது. அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் இருவரும் காலமாகிவிட்டார்கள் என்று போன வருஷம் கேள்விப்பட்டேன். இனி அவர்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. என்னைக் கேட்டால் கேட்கட்டும். மறுமையில் கேட்கப்படுவதற்கு முன்னால் இங்கே சொல்லிவிடுவது நல்லது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுகாதாரப் பகுதியில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலையில் பெரிய றோட்டை விட்டு உள்ளே இரண்டு மைல் போனால் எங்கள் டிஸ்பென்சரி. இரண்டு அறை, முன்னால் ஒரு விறாந்தை. டொக்டர் கிடையாது. மருந்து எழுதிக் கொடுக்கும் அப்போதிக்கரி ஒருவர்தான் எல்லாம். யாழ்ப்பாணத்து மனிதர். கோபக்காரர், ஆனால் நோயாளியை ஒருநாளும் திட்டமாட்டார். திட்டுவதெல்லாம் என்னைத்தான். நான் ஓடலி. கூட்டுவது, ஊசி அவிப்பது, புண்ணுக்குக் கட்டுவது, சனங்கள் கொண்டுவரும் போத்தலில் மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுப்பது, நம்பர் கூப்பிடுவது, இதெல்லாம் என் வேலை.

முதல் நாள் அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உமக்கு எழுத வாசிக்கத் தெரியுமோ?"

"தமிழ் தெரியும் ஐயா. சிங்களம் பேசுவன், கொஞ்சம் எழுதுவன்."

"இங்கிலீஷ்?"

"என்ட பேர எழுதுவன்."

"காணும். கையெழுத்து வைக்கிறதுக்கு அது காணும்" என்றார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார். "ஒண்டு மட்டும் ஞாபகம் வைச்சிரும் ஐசே. பிள்ளையைக் காணாமல் பிள்ளைக்கு மருந்து குடுக்கப்படாது. தாய் கேட்டாலும் சரி, தேப்பன் கேட்டாலும் சரி, கவர்னரே வந்து கேட்டாலும் சரி."

நான் தலையை ஆட்டினேன். இதில் என்ன இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன்.

2. பதிவுத் துண்டு

சில வருஷத்துக்குப் பிறகு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு அட்டை எழுத வேண்டும். ஐந்து நிறைந்த பிறகும் பள்ளிக்கூடம் சேரும்வரை அந்த அட்டைதான். மாதம் ஒருமுறை பிள்ளையை நிறுத்து அதில் குறிக்க வேண்டும். பால்மா, தடுப்பூசி, மருந்து எல்லாம் அட்டையைப் பார்த்துத்தான். அட்டை எழுதுவதற்குப் பிறப்புப் பதிவுத் துண்டு பார்க்க வேண்டும்.

ஊர்ச் சனங்களுக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் ஆட்களும் சிங்கள ஆட்களும் துண்டைக் கொண்டுவந்தார்கள். பிரச்சினை மேலே இருந்த தோட்டத்துக்குத்தான். றப்பரும் கொக்கோவும் கலந்த சின்னத் தோட்டம். முதலாளி டவுனில் இருந்தார். தோட்டத்தில் மருந்துக்கு வழி இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளைத் தோட்டம் பார்க்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லும். இப்போது ஆஸ்பத்திரி எல்லாருக்கும் இலவசம்தானே, அரசாங்கம் பார்க்கட்டும் என்று தோட்டம் சொல்லும். நடுவில் நின்றது, தலைமுறைக்கு முன் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த அந்தச் சனம்.

அப்போதிக்கரி ஐயாவிடம் கேட்டேன். "நோய் வருத்தம் என்ன, தோட்டம் ஊர் எண்டு பாத்தே வருது? வந்தால் மருந்து குடும். அட்டையும் எழுதும்" என்றார்.

எழுதச் சொன்னார். ஆனால் துண்டு வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்ததே. அதை நான் ஹதீஸ் மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

முனியாண்டி முதல்முறை வந்தது ஒரு வியாழக்கிழமை. றப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரன். மெலிந்த ஆள், காதோரம் நரை. முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, புள்ளைக்கு ஒரு அட்ட போட்டுத் தாங்க."

"பதிவுத் துண்டு கொண்டந்தீங்களா?"

"துண்டுங்களா... அது வந்துங்க... எழுதி வைக்கலாம்னு இருந்தோம். தொரை கந்தோர்ல நாளைக்கு வா நாளைக்கு வான்னாங்க, அப்புடியே போயிருச்சுங்க."

"துண்டில்லாம ஏலாது. எடுத்துட்டு வாங்க."

வரிசையில் நின்ற சுலைமான் முதலாளி, தேங்காய் வியாபாரி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "பால்மா குடுக்கிறாங்கண்டா காணும், தோட்டமே எறங்கி வந்துரும். நாங்கதான் ஒதுங்கி நிக்கோணும்."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் அவரை ஒன்றும் சொல்லவுமில்லை. முனியாண்டி அட்டை இல்லாமல் போனான்.

அடுத்த வாரம் திரும்பி வந்தான். மெழுகுசீலையில் சுற்றிய ஒரு கடதாசியை மெல்லப் பிரித்து என் முன்னால் வைத்தான். பிறப்புப் பதிவுத் துண்டு. பெண் பிள்ளை, பெயர் லெட்சுமி. திகதியைக் கணக்குப் பார்த்தால் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைய இன்னும் இரண்டு மாதம்.

"புள்ள எங்க?"

"புள்ளைகளப் பாத்துக்கிற மடுவத்துல ஆயாகிட்ட விட்டுட்டு வந்தேங்க. அவ அம்மா பால்வெட்டுக்குப் போயிருக்கா."

போன வாரம் துண்டே எடுக்கவில்லை என்றவன் இந்த வாரம் பழைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். அது எனக்குத் தைக்கவில்லை. துண்டு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் இருந்தது. பெயர், திகதி எல்லாம் வடிவாக எழுதினேன். நிறை எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டேன். "அடுத்த மாசம் புள்ளயக் கொண்டாங்க, நிறுக்கோணும்" என்றேன். "சரிங்க நானா" என்றான். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

தோட்டத்து அட்டைகள் ஒரு கட்டாகச் சேர்ந்திருந்தன. அந்தக் கட்டைப் பார்த்து மேலிடத்தில் இருந்து வந்தவர் நல்ல வேலை என்று சொன்னார். எனக்கும் பெருமை. பாதி அட்டையில் நிறைக் கட்டம் வெறுமை என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

3. ரெண்டுமாங்க?

அந்த வருஷம் மலேரியா திரும்ப வந்தது. தம்புள்ளைப் பக்கம் தொடங்கி எங்கள் பக்கத்துக்கும் இறங்கியது. குளிரும் காய்ச்சலுமாக விறாந்தை நிரம்பி வழிந்தது. அதற்குக் குளோரோகுயின் குளிசை. பயங்கரக் கசப்பு. அளவாகக் கொடுத்தால் உயிரைக் காக்கும். சின்னப் பிள்ளைக்குக் கூடினால் நெஞ்சைப் பிடித்து நிறுத்திவிடும். இதை அப்போதிக்கரி ஐயா எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருந்தார்.

சம்பவம் நடந்த அன்று சுபஹுத் தொழுகையிலிருந்து மழை. ஐயா மாத மருந்து எடுக்க முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனார். போகும் முன் பத்திரிகைக் கடதாசியில் குளிசைகளைப் பொட்டலம் கட்டி மூன்று பெட்டியில் வைத்தார். கைக்குழந்தைக்கு அரை, ஐந்துக்குக் கீழே ஒன்று, ஐந்துக்கு மேலே இரண்டு.

"பிள்ளையள் வந்தால் வயசைப் பாத்து பொட்டலத்தைக் குடும். ஆரும் மயங்கின மாதிரி இருந்தால் என்னைப் பாத்துக்கொண்டு நிக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது மணி இருக்கும். முனியாண்டி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்தான். ஆள் நனைந்திருந்தாலும் மெழுகுசீலைக்குள் அட்டை நனையவில்லை.

"நானா, லெட்சுமிக்கு மூணு நாளா குளிர்காச்சலுங்க. தூக்கித் தூக்கிப் போடுது."

"புள்ளயக் கொண்டரல்லயா?"

"இந்த மழையில எப்புடிங்க தூக்கியாரது? ஓடையில தண்ணி ஏறுது. அட்டயக் கொண்டாந்திருக்கேங்க. நீங்க எழுதுன அட்டதாங்க."

நான் எழுதிய அட்டை. அந்தச் சொல்லில் என் முதல் நாள் பாடம் மறந்துபோனது. பின்னால் நின்றவர்கள் வேறு சத்தம். "குடுத்தனுப்புங்க நானா, எங்கடதும் புள்ளைகள்தானே!" அட்டையைப் பார்த்தேன். ஐந்து நிறைந்து மூன்று மாதம். இரண்டு குளிசைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"ரெண்டையும் பொடிச்சு சீனியில கலந்து, போன ஒடன குடுத்துருங்க."

அவன் பொட்டலத்தைக் கையில் வைத்துப் பார்த்தான்.

"ரெண்டுமாங்க?"

"ஓம், வயசுக்கு ரெண்டுதான்."

ஏதோ சொல்ல வந்த மாதிரி ஒரு நிமிஷம் நின்றான். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டேன். அவன் போய்விட்டான். அந்த "ரெண்டுமாங்க?" இன்றைக்கும் தொழுகையில் நிற்கும்போது சில நேரம் என் காதில் விழும்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். முனியாண்டி குடியிருந்த லயத்து வரிசைவீட்டு ராக்காயி, முந்தின நாள் பால்வெட்டுக் கத்தி பட்ட கையைச் சீலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். வாய் ஓயாத மனுசி. புண்ணைக் கழுவிக்கொண்டே, முனியாண்டி வந்து மருந்து எடுத்துப் போன விஷயத்தைச் சொன்னேன்.

"பாவங்க அந்தப் புள்ள. ராவெல்லாம் ஒரே அழுக. பால்கூடப் புடிக்க மாட்டேங்குது. அவ ஆத்தா செல்லம்மாளுக்கு மாரு கட்டிக்கிட்டு அவளும் காச்சல்காரி மாதிரி கெடக்கா."

"என்ன பால்?"

"தாய்ப்பால்தாங்க. வேற என்னா, முதலாளி வீட்டு டின் பாலா?"

"அஞ்சு வயசுப் புள்ள இன்னும் தாய்ப்பால் குடிக்குதா?"

அவள் கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லாக் கேட்டீங்க போங்க! அஞ்சு வயசு மூத்த லெட்சுமிக்குங்க. அது பத்து மாசத்துலயே போயிச் சேந்துருச்சு. இது பொறவு பொறந்த லெட்சுமி. ரெண்டு வயசு இன்னும் நெறையல."

என் கையில் இருந்த பண்டேஜ் கீழே விழுந்து உருண்டு போனது.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"பிரஜா உரிமைக்கு மனு போட்டமுல்ல நானா, இந்தியாவா இலங்கையான்னு. அதுல புருசன், பொஞ்சாதி, புள்ள லெட்சுமின்னு எழுதியாச்சு. புள்ள செத்துப்போச்சுன்னு சொன்னா பேர வெட்டிப்புடுவாங்க, அடுத்தத சேக்க மாட்டாங்க, மனுவே கெட்டுப்போகும்னு பயம். அதனால பொறந்ததுக்கு அதே பேரு, அதே துண்டு. எங்க லயத்துல அவுங்க மட்டுமா அப்புடிச் செஞ்சாங்க?"

4. ஓடையைத் தாண்டி

மருந்து அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் முடிந்தேன். விறாந்தையில் இருந்தவர்களுக்கு என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. ஐயா வரும்வரை இருங்கள் என்று ஏதோ சொன்னேன். சுலைமான் முதலாளி எழும்பி நின்று வழியை மறித்தார்.

"என்ன காசிம், நாங்க மனுசரில்லயா? தோட்டத்தான்ட புள்ளைக்கு ஓடுறாய்?"

"முதலாளி, சைக்கிளத் தாங்க. கூடின மருந்தக் குடுத்துட்டன். புள்ள மௌத்தாப் போகும்."

அவர் முகம் மாறிவிட்டது. சைக்கிளை அவரே தூக்கி றோட்டில் வைத்தார். "போ, போ. செயின் கழரும், பாத்து மிதி. ஏய், ஒதுங்குங்க எல்லாரும்!"

மிதித்தேன். வாயில் ஸலவாத்து வந்தது, நடுவில் கெட்ட நினைப்பும் வந்தது. குளிசை நல்ல கசப்பு, பிள்ளை துப்பியிருக்கும், யா அல்லாஹ், துப்பியிருக்க வேண்டும். மருந்து கொடுக்கும் வேலையில் இருந்துகொண்டு பிள்ளை மருந்தைத் துப்ப வேண்டும் என்று துஆக் கேட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஓடையில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சைக்கிளை இக்கரையில் போட்டுவிட்டு இறங்கினேன். அக்கரையில் றப்பர் மரங்களுக்கு நடுவே சேற்று வழி. இரண்டு தரம் விழுந்தேன். லயத்துக் கடைசிக் காம்பராவின் வாசலில் முனியாண்டி குந்தியிருந்தான்.

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுங்க. சீனி வாங்கப் போன எடத்துல மழைக்கு ஒதுங்கி நின்னதுல நேரமாயிருச்சு. இப்பத்தான், கா மணி நேரமிருக்கும்."

"ரெண்டுமா?"

"நீங்கதான ரெண்டுமுன்னு சொன்னீங்க."

உள்ளே போனேன். அன்றைக்குத்தான் லெட்சுமியை முதன்முதல் பார்த்தேன். தாய் செல்லம்மாளின் மடியில் ஒரு சின்னத் துணி மூட்டை மாதிரிக் கிடந்தது. கையில் கறுப்புக் கயிறு. என் பெருவிரல் தடிப்பில் மணிக்கட்டு. கண் பாதி மூடி, வெள்ளை தெரிந்தது. ஒருமுறை பார்த்திருந்தால் போதும். எழுத வாசிக்கத் தெரியாதவனும் இது ஐந்து வயதுப் பிள்ளை இல்லை என்று சொல்லியிருப்பான்.

பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிள்ளையைக் குப்புறப் பிடித்துத் தொண்டையில் விரலை விட்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த வழி அதுதான். செல்லம்மாள் அலறினாள்.

"என்னங்க இது! மருந்து குடுத்தவரே வாயில கையவிட்டு எடுக்குறீங்க!"

வெள்ளையாகக் கொஞ்சம் வந்தது. எவ்வளவு வந்தது, எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? நெஞ்சில் காதை வைத்தேன். சில துடிப்பு வந்தது, ஒன்று வரத் தவறியது, பிறகு திரும்ப வந்தது.

"எடுத்துட்டு வாங்க. பெரியாஸ்பத்திரிக்கு."

மூன்று பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்து பெரிய றோட்டுக்கு வந்தோம். தம்புள்ளைப் பக்கமிருந்து பூசணிக்காய் ஏற்றிய லொறி ஒன்று வந்தது. நடு றோட்டில் நின்று கையைக் காட்டினேன். சிங்கள டிரைவர் திட்ட வாயைத் திறந்தவர் பிள்ளையைப் பார்த்ததும், "நகின்ன, நகின்ன", ஏறுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். தாயும் பிள்ளையும் முன்னால். நானும் முனியாண்டியும் பின்னால் பூசணிக்காய்க்கு மேலே.

அங்கேதான் அவன் என் கையைப் பிடித்தான்.

"நானா, ஒன்னு சொல்றேன். அங்க போயி ரெண்டு வயசுன்னு சொல்லிப்புடாதீங்க."

"என்ன சொல்றீங்க?"

"ராக்காயி அங்க வந்தத வழியில பாத்தேன், அவ சொல்லித்தான வந்தீங்க? சரி. ஆனா மனு கந்தோர்ல கெடக்குதுங்க. ஆஸ்பத்திரிப் புத்தகத்துல வேற வயச எழுதிட்டாங்கன்னா, ஒருநாள் எடுத்துப் பாப்பாங்க. பொய்க்காரன்னு எங்களத் தள்ளிருவாங்க. அந்தக் கரையும் இல்ல, இந்தக் கரையும் இல்லன்னு ஆயிரும். புள்ளயக் காப்பாத்துங்க. வயச மட்டும் சொல்லாதீங்க. உங்க அல்லா மேல ஆண."

லொறி பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் முன்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

5. சரியான அளவு

ஆஸ்பத்திரி வாசலில் பதிவு எழுதுகிறவர் ஒரு சிங்கள மனிதர். அமைதியானவர். அவர் மேல் எந்தப் பிழையும் இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். விறாந்தை முழுக்கக் காய்ச்சல்காரர். தரையிலும் பாயில் படுத்திருந்தார்கள்.

"என்ன வருத்தம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"காய்ச்சல். குளோரோகுயின் கூடிப்போச்சு" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

"எத்தனை குளிசை?"

"ரெண்டு."

"அட்டை இருக்கா?"

முனியாண்டி மெழுகுசீலையைப் பிரித்துக் கொடுத்தான். அவர் வாசித்தார். என் கையெழுத்து. பிறகு தலையை ஆட்டினார்.

"அஞ்சு வயசு. ரெண்டு குளிசை சரியான அளவுதானே? கூடவில்லையே. காய்ச்சல் மயக்கம். அங்கே வரிசையில் இருங்க, டொக்டர் கூப்பிடுவார்."

வரிசையைப் பார்த்தேன். நாற்பது ஐம்பது பேர். பிள்ளை துணியால் முழுக்க மூடியிருந்தது, பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. முனியாண்டி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். நகம் பதிந்தது. கண் கெஞ்சியது.

ஒரு பக்கம் ஒரு குடும்பத்தின் மனு. இன்னொரு பக்கம் அந்தப் பாதம். யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். என் வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, அட்டை பிழை. புள்ளைக்கு ரெண்டு வயசு நெறையல. அட்டய எழுதினது நான். புள்ளயப் பாக்காம எழுதினன். குளிசையக் குடுத்ததும் நான்தான்."

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். பிள்ளையை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பிறகு நர்ஸ்மார் ஓடினார்கள், டொக்டர் ஓடினார், கதவு மூடியது.

செல்லம்மாள் கதவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். முனியாண்டி என்னிடமிருந்து தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றான். நான் கிணற்றடியில் உளூ எடுத்து, மா மரத்தடியில் அசர் தொழுதேன். சுஜூதில் கிடந்து என்ன கேட்டேன் என்று எழுத வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன் கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி செல்லம்மாளைக் கையால் கூப்பிட்டாள். "பிள்ளை பாலுக்கு அழுகிறது, வா." உள்ளேயிருந்து அழுகை கேட்டது. மெல்லிய, கோபமான அழுகை. நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். முனியாண்டி திரும்பி என்னைப் பார்த்தான். நன்றியா கோபமா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

6. நான் எழுதாத வரி

அடுத்த நாள் அப்போதிக்கரி ஐயா என்னை முன்னால் நிறுத்தினார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

"நீர் ரெண்டு தரம் பிழை விட்டிருக்கிறீர். அட்டை எழுதேக்கையும் பிள்ளையைப் பாக்கேல்லை, குளிசை குடுக்கேக்கையும் பாக்கேல்லை. நானும் ஒரு பிழை விட்டனான். வெறும் கட்டத்தைப் பாத்தும் கேக்காமல் இருந்தனான். நடந்ததை எழுதித் தாரும், அனுப்புவம்."

எழுதினேன். அவர் வாசித்துவிட்டுக் கேட்டார். "தேப்பன் ஏன் மற்றப் பிள்ளையின்ர துண்டைக் கொண்டு வந்தவன் எண்டு எழுதேல்லையே?"

நான் பேனாவை அவர் மேசையில் வைத்தேன்.

"சரி. கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"எனக்குத் தெரியாது ஐயா."

அவர் பேனாவை மூடினார். "எனக்கும் தெரியாது" என்றார். கடதாசி அப்படியே போனது. என் பிழை மட்டும் அதில் இருந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உண்மையைச் சொன்னவன் இங்கே ஒரு உண்மையை விழுங்கினேன். இது சரியா பிழையா என்று எத்தனையோ ஆலிம்களைக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். அல்லாஹ் நன்கு அறிந்தவன்.

அந்த வாரமே நானும் ஐயாவும் தராசைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினோம். கட்டில் இருந்த அட்டை ஒவ்வொன்றையும் பிள்ளையோடு வைத்துப் பார்த்தோம். இன்னும் மூன்று பிள்ளைகள் செத்துப்போன அக்கா அண்ணன் துண்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். துண்டைக் கேட்பதை விட்டேன். மாத்தளைத் தேருக்கு முந்தியா பிந்தியா, எந்தத் தீபாவளிக்குக் கைக்குழந்தை, பல் எத்தனை என்று தாய்மாரைக் கேட்டு வயதை எழுதினேன். சுற்றறிக்கைக்கு அது ஒத்துவராது. ஐயா கையெழுத்து வைத்தார்.

ஒரு மாதம் கழித்துச் செல்லம்மாள் லெட்சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தாள். பிள்ளையைத் தராசில் வைத்தேன். என்னைக் கண்டதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. விரலை நினைவு வைத்திருந்தது போல. அட்டையில் ஐந்து வயதுக் கணக்கில் எழுதிய திகதியை ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதினேன். செல்லம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாத்த நானா அடிச்சீங்க?"

"அது மூத்தவள்ட தேதிம்மா. இதுக்கு உரியத எழுதிட்டன்."

"அப்ப அவ?"

எனக்கு விளங்கவில்லை.

"மனுவுல இருந்தா, துண்டுல இருந்தா, இந்த அட்டயிலயும் இருந்தா. அவ பேரச் சொல்லித்தான் இதயும் கூப்புடுறேன். இப்ப நீங்க அடிச்சுப்புட்டீங்க. அவளுக்கும் ஒன்னு எழுதிக் குடுங்க நானா. பால்மா வேணாம். சும்மா எழுதிக் குடுங்க."

விறாந்தையில் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் ஒரு புது அட்டை எடுத்தேன். லெட்சுமி. பெண். துண்டில் இருந்த திகதி. தகப்பன் பெயர், தாய் பெயர். நிறைக் கட்டம் வந்ததும் பேனா நின்றது. அவளைப் பார்த்தேன். அவள் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, ஏதோ இருப்பது போலக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக் காட்டினாள்.

"இம்புட்டுத்தான் இருப்பா."

அந்த அட்டைக்கு நம்பர் போடவில்லை. புத்தகத்தில் பதியவும் இல்லை. அவள் அதை மெழுகுசீலைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அவர்களுடைய மனு பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. சில வருஷத்தில் கடலுக்கு அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். பிள்ளையும் கூடப் போனாள் என்பது மட்டும் தெரியும்.

நான் படித்துக்கொண்டது இதுதான். கடதாசி கேட்கிறவன், கடதாசி இல்லாதவன் எங்கே போய் அதை எடுத்து வருவான் என்பதையும் யோசிக்க வேண்டும். நான் கேட்டேன், அவன் கொண்டுவந்தான். பொய்யை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம்.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம். முனியாண்டியைப் பொய்யனாக்க வேண்டாம். இரண்டு பிள்ளைகளை ஒரு பிள்ளையாக்கிச் சொல்ல வேண்டாம்.